வகையிட்ட ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களுக்குப் பொதுவான லின்ட் விதிகள் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மென்பொருள் துறையைப் பற்றி நாளிதழ்களில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் புதிய கருவிகளையும் வேலைவாய்ப்புகளையும் பற்றியவையாக இருக்கின்றன. நிரல் எழுதுவோர் நாள்தோறும் மல்லுக்கட்டும் ஒரு வேலை அவற்றில் இடம்பெறுவதே இல்லை. ஓர் அணி எழுதும் பல டைப்ஸ்கிரிப்ட் (தரவு வகைகளைக் குறித்து எழுதும் ஜாவாஸ்கிரிப்ட்) திட்டங்களுக்கு, நிரலை ஓட்டாமலே பிழைகளைச் சுட்டும் ஒரே லின்ட் விதித்தொகுப்பை ஏற்படுத்தி, அதைப் பல ஆண்டுகள் கெடாமல் காப்பதுதான் அந்த வேலை. அந்தப் பொறுப்பு என்னிடம் இருந்த காலத்தில் நான் தவறாகச் செய்தவற்றையும் பின்னர் திருத்திக்கொண்டவற்றையும் இத்துறையில் இருக்கும் வாசகர்களோடும், இத்துறைக்கு வரவிருக்கும் மாணவர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். விதிகளை ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்து ஒட்டும் பழக்கத்தை விட்டொழித்து, அவற்றை ஒரே தொகுப்பாக, பதிப்பு எண்ணோடும் ஒவ்வொரு விதிக்கும் எழுதி வைத்த காரணத்தோடும் வெளியிட்டுப் பயன்படுத்த வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தங்கள் அலுவலகத்தில் மெய்ப்பு பார்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதாக இருக்காது. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது, ஓர் ஊரின் பெயரை எப்படி எழுதுவது, எண்ணை இலக்கத்தில் தருவதா எழுத்திலா என்பதை ஒவ்வொரு பக்கத்தின் பொறுப்பாளரும் தனித்தனியே முடிவு செய்தால், ஒரே நாளிதழுக்குள் ஒரே சொல் நான்கு விதமாக அச்சேறும். நிரலிலும் அப்படித்தான். ஆனால் நிரலில் ஒற்றுப்பிழை போன்ற சிறு பிழைகளோடு வேறு ஒரு வகைப் பிழையும் உண்டு. அது கண்ணுக்கு உறுத்தாது, வாசிப்பவரைத் தடுக்காது, பயனரின் தகவலை மட்டும் தொலைத்துவிடும்.

லின்டர் என்ற கருவி இவ்வகைப் பிழைகளைப் பிடிப்பதற்காகவே பிறந்தது. 1978இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதிய நிரலுக்கு, துணியில் ஒட்டும் நூல்பிசிறைக் குறிக்கும் 'லின்ட்' என்ற பெயரை இட்டார். ஜாவாஸ்கிரிப்டுக்கு 2002இல் டக்ளஸ் கிராக்ஃபோர்டின் ஜேஎஸ்லின்ட் வந்தது. அதன் விதிகள் அவருடைய விருப்பங்களாக இருந்தன. ஏற்காதவர்களுக்கு அதில் அதிக இடமில்லை. 2013இல் நிக்கோலஸ் ஜகாஸ் தொடங்கிய இஎஸ்லின்ட், எந்த விதியையும் அணைக்கவும் புதிய விதியை எழுதிச் செருகவும் வழி செய்தது. டைப்ஸ்கிரிப்டுக்கு டிஎஸ்லின்ட் என்று ஒரு தனிக் கருவி சில ஆண்டுகள் இருந்தது; 2019இல் அது கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, டைப்ஸ்கிரிப்ட்-இஎஸ்லின்ட் என்ற திட்டத்தின் வழியாக இரு தரப்பும் ஒரே கருவிக்கு வந்து சேர்ந்தன. யார் வேண்டுமானாலும் எதையும் மாற்றலாம் என்ற இந்த நெகிழ்வு நல்லதே. அதுவே ஒவ்வொரு திட்டத்திலும் ஒவ்வொரு விதமான விதிக்கோப்பு முளைப்பதற்கும் வழி திறந்தது. தலைக்குத் தலை பெரியதனம் என்பார்களே, அந்த நிலை.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எங்கள் அணி ஒரே வாடிக்கையாளருக்காக இரண்டு திட்டங்களைப் பார்த்துக்கொண்டது. அவற்றில் ஒன்றில் ஒரு படிவம் இருந்தது. பயனர் தம் விவரங்களைத் திருத்திவிட்டுச் 'சேமி' என்ற பொத்தானை அழுத்துவார். 'சேமிக்கப்பட்டது' என்று திரையில் வரும். மறுநாள் திறந்து பார்த்தால் சில நேரங்களில் பழைய விவரமே இருக்கும். எப்போதாவது மட்டும் நிகழ்ந்ததால் வாரக்கணக்கில் காரணம் தெரியவில்லை. கடைசியில் கண்டுபிடித்தபோது குறை ஒரே ஒரு சொல்லில் இருந்தது. சேமிக்கும் ஃபங்ஷன் ஒரு பிராமிஸை, அதாவது பின்னர் முடியப்போகும் வேலைக்கான உறுதிச்சீட்டை, திருப்பித் தருவது. அதை அழைத்த வரியின் முன்னால் 'அவெய்ட்' விடுபட்டிருந்தது. அந்த அழைப்பைச் சுற்றி, தோல்வியைப் பிடிப்பதற்கான 'டிரை', 'கேட்ச்' இரண்டும் முறையாக எழுதப்பட்டிருந்தன. 'கேட்ச்' பகுதிக்குள் பயனருக்குக் காட்ட வேண்டிய பிழைச்செய்திகூட அக்கறையாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் 'அவெய்ட்' இல்லாததால் நிரல் சேமிப்பு முடியும்வரை காத்திருக்காமல் அடுத்த வரிக்குப் போய் 'சேமிக்கப்பட்டது' என்று அறிவித்துவிடும். சில நொடிகள் கழித்து சர்வர் மறுத்தாலும் அந்தத் தோல்வி 'கேட்ச்' பகுதியை எட்டாது. உலாவியின் கன்சோலில் ஒரு சிவப்பு வரியாக அது வந்து நிற்கும். எந்தப் பயனர் அதைத் திறந்து பார்ப்பார்?

அந்த மாற்றத்தை மறுஆய்வு செய்து ஒப்புதல் அளித்தது நான்தான். 'டிரை', 'கேட்ச்' இருப்பதைப் பார்த்ததும் என் கண் நிம்மதியடைந்து அடுத்த வரிக்குப் போய்விட்டது. டைப்ஸ்கிரிப்டை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கம்பைலரும் தடுக்கவில்லை, ஏனென்றால் ஒரு பிராமிஸை உருவாக்கிவிட்டு அதைக் கண்டுகொள்ளாமல் விடுவது அந்த மொழியில் பிழை ஆகாது. இதைப் பிடிப்பதற்கென்றே டைப்ஸ்கிரிப்ட்-இஎஸ்லின்டில் 'நோ ஃப்ளோட்டிங் பிராமிசஸ்' என்ற விதி இருக்கிறது. யாரும் காத்திராமல், தோல்வியைக் கையாளாமல் விடப்பட்ட பிராமிஸ் ஒவ்வொன்றையும் அது சுட்டிக்காட்டும். எங்கள் இன்னொரு திட்டத்தில் அந்த விதி நடைமுறையில் இருந்தது! இந்தத் திட்டத்தைத் தொடங்கியவர் அங்கிருந்த விதிக்கோப்பை நகலெடுத்தபோது, சில கோப்புகள் டிஎஸ்கான்ஃபிக்கில் (டைப்ஸ்கிரிப்டின் அமைப்புக் கோப்பில்) சேர்க்கப்படவில்லை என்று பார்சர் (நிரலைப் படித்துப் பகுக்கும் பகுதி) பிழை காட்டியிருக்கிறது. வேலை அவசரத்தில் அவர் அந்தப் பிழையைத் தந்த ஏழெட்டு வரிகளை நீக்கிவிட்டார். அந்த விதியும் அவற்றோடு போயிற்று. லின்ட் அன்று முதல் பச்சையாகவே ஓடியது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. அந்த வரிகள் எதற்காக இருக்கின்றன என்று எங்கேயும் எழுதி வைக்காதவர்கள் நாங்கள்.

நகலெடுப்பதன் தீங்கு இதில் முழுமையாகத் தெரியும். முன் ஏர் போன வழியே பின் ஏர் போகும் என்று நம்பித்தான் நகலெடுக்கிறோம். ஆனால் நகலெடுத்த மறுகணமே இரண்டு கோப்புகளும் வெவ்வேறு வழியில் போகத் தொடங்குகின்றன. ஒன்றில் கற்ற பாடம் மற்றொன்றுக்குப் போய்ச் சேருவதில்லை.

இதற்கு மாற்று, விதிகளை ஒரு என்பிஎம் பேக்கேஜாக (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைப் பகிரும் களஞ்சியத்தின் பொதியாக) கட்டி, எல்லாத் திட்டங்களும் அதைச் சார்புநிலையாக நிறுவிக்கொள்வது. இது முன்பு கடினமாக இருந்ததற்கு உண்மையான காரணம் இருந்தது. பழைய இஎஸ்லின்ட் அமைப்பில், பொதுத்தொகுப்பு தனக்கு வேண்டிய பிளகின்களை (கூடுதல் விதிகளைத் தரும் துணைப்பொதிகளை) தானே கொண்டுவர முடியாது. ஒவ்வொரு திட்டமும் அவற்றைத் தனியே நிறுவ வேண்டும். பதிப்புகள் பொருந்தாவிட்டால் புரியாத பிழைகள் வரும். 2024 ஏப்ரலில் வெளியான இஎஸ்லின்ட் 9ஆம் பதிப்பில் 'ஃபிளாட் கான்ஃபிக்' என்ற புதிய அமைப்பே இயல்பானது ஆயிற்று. இதில் விதிக்கோப்பு ஒரு சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் வரிசை. பிளகின்களை அதற்குள்ளேயே இம்போர்ட் செய்துகொள்ளலாம். ஆகவே பொதுத்தொகுப்பு தனக்கு வேண்டியதைத் தன்னோடு எடுத்து வரும். ஒரு திட்டம் அதே பிளகினின் வேறொரு பிரதியை அதே பெயரில் தானும் சேர்த்தால் மட்டும் 'பிளகினை மறுபடி வரையறுக்க முடியாது' என்ற பிழை வந்து நிறுத்தும். அந்தப் பிழையைப் பார்க்கும் திட்டம் தன் சொந்தப் பிரதியை நீக்கிவிட்டால் போதும்.

தொகுப்பை அடுக்குகளாகப் பிரிப்பது நல்லது. எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான அடித்தளம் ஒன்று, உலாவியில் ஓடும் நிரலுக்கு ஒன்று, சர்வரில் ஓடும் நிரலுக்கு ஒன்று, சோதனைக் கோப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்குமேல் பிரித்தால் மறுபடியும் திட்டத்துக்கு ஒரு விதிக்கோப்பு என்ற இடத்துக்கே வந்துவிடுவோம்.

அடித்தளத்தில் எதை வைப்பது என்பதில் நான் உறுதியாக ஒரு கருத்துக் கொண்டிருக்கிறேன். தரவு வகைத் தகவலைப் பயன்படுத்தும் விதிகளே முதலில் வர வேண்டும். சாதாரண விதி ஒரு கோப்பை எடுத்து அதன் தொடரமைப்பை மட்டும் பார்க்கிறது. ஒரு ஃபங்ஷன் அழைப்பு பிராமிஸைத் தருமா, எண்ணைத் தருமா என்று அதற்குத் தெரியாது. வகைத் தகவலோடு இயங்கும் விதி டைப்ஸ்கிரிப்டையே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. 2023 ஜூலையில் வந்த டைப்ஸ்கிரிப்ட்-இஎஸ்லின்ட் 6ஆம் பதிப்பிலிருந்து, 'ரெகமெண்டட்' என்ற தொகுப்பில் வகைத் தகவல் வேண்டாத விதிகள் மட்டும் இருக்கின்றன. 'ரெகமெண்டட் டைப் செக்ட்' என்ற தொகுப்பில்தான் மற்றவை சேர்கின்றன. முதலாவதை மட்டும் இட்டுவிட்டு, பரிந்துரைக்கப்பட்டவை எல்லாம் தம்மிடம் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் அணிகளை நான் பார்த்திருக்கிறேன். நான் மேலே சொன்ன விதி முதலாவது தொகுப்பில் கிடையாது.

எந்த மதிப்பையும் சோதிக்காமல் ஏற்கும் 'எனி' என்ற வகையைத் தடுக்கும் விதிகளும் இதே குடும்பம். 'எனி என்று எழுதாதே' என்ற எளிய விதியைப் பலரும் வைத்திருக்கிறார்கள். ஆனால் நாம் எழுதாமலேயே 'எனி' உள்ளே வந்துவிடும். உரையாக வரும் தகவலைப் படித்து மதிப்பாக்கும் 'ஜேசான் டாட் பார்ஸ்' ஃபங்ஷன் திருப்பித் தருவதே 'எனி'தான். அதை ஒரு வாடிக்கையாளர் விவரமாக அறிவித்த மாறியில் இட்டால் கம்பைலர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும்; உள்ளே என்ன வந்திருக்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பாதுகாப்பற்ற மதிப்பேற்றத்தைத் தடுக்கும் விதி இந்த வரியில் நிறுத்தும். அதே மதிப்பை 'அன்நோன்' என்று அறிவித்த மாறியில் இடுவதை அந்த விதி அனுமதிக்கும், ஏனென்றால் அப்போது சோதித்துப் பார்க்காமல் அதைப் பயன்படுத்தவே முடியாது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்ட புதியவர், வகைகள் எதற்காக இருக்கின்றன என்பதையே புரிந்துகொண்டவர் ஆகிறார்.

இவ்விதிகள் மெதுவாக ஓடும் என்பது உண்மை. முழுத் திட்டத்தின் வகைகளையும் கணக்கிட வேண்டியிருப்பதால், ஒரு டைப்ஸ்கிரிப்ட் பில்ட் (நிரலை ஓடத் தயாராக்கும் வேலை) எடுக்கும் நேரத்தை ஒட்டியே இதுவும் எடுக்கும். அந்த நேரம் வீணல்ல. 2024இல் வந்த டைப்ஸ்கிரிப்ட்-இஎஸ்லின்ட் 8ஆம் பதிப்பின் 'புராஜெக்ட் சர்வீஸ்' என்ற வசதி, எங்கள் பழைய திட்டத்தைக் கெடுத்த அந்தப் பார்சர் பிழையையும் பெருமளவு குறைத்துவிட்டது.

லின்ட் விதிகளைப் பொதுவாக்குகிறவர்கள் டிஎஸ்கான்ஃபிக்கைத் தனித்தனியாக விட்டுவிடுவது அரைகுறை வேலை. தேவையற்ற நிபந்தனையைச் சுட்டும் விதி போன்றவை, மதிப்பே இல்லாத நிலையையும் சோதிக்கச் சொல்லும் 'ஸ்டிரிக்ட் நல் செக்ஸ்' அமைப்பு இல்லாத திட்டத்தில் சரியாக இயங்கா. ஆகவே அதை உள்ளடக்கிய 'ஸ்டிரிக்ட்' இயக்கப்பட்ட ஓர் அடிப்படை டிஎஸ்கான்ஃபிக்கும் அதே தொகுப்பில் இருக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: அடிப்படைக் கோப்பில் எழுதும் பாதைகள் அந்தக் கோப்பு இருக்கும் இடத்தைக் கொண்டே கணக்கிடப்படும் என்பதால், பாதைகளை அதில் எழுதாமல் அந்தந்தத் திட்டத்திலேயே எழுதுங்கள்.

நிரலின் தோற்றத்தைப் பற்றி நீண்ட விவாதம் வேண்டாம். அரைப்புள்ளி, இடைவெளி, மேற்கோள்குறி ஆகியவற்றை 2017 முதல் இருக்கும் பிரிட்டியர் போன்ற ஒரு கருவியிடம் ஒப்படைத்துவிட்டு லின்டரிலிருந்து எடுத்துவிடலாம். இஎஸ்லின்டே தன் தோற்ற விதிகளை 2023 நவம்பரில் வழக்கொழிந்தவை என்று அறிவித்துவிட்டது.

பதிப்பு எண் விஷயத்தில்தான் பொதுத்தொகுப்புகள் பெரும்பாலும் நம்பிக்கையை இழக்கின்றன. யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு விதியைச் சேர்த்துச் சிறு பதிப்பாக வெளியிடுகிறார். மறுநாள் காலையில் பத்துத் திட்டங்களின் பில்ட் விழுகிறது. அன்று மாலைக்குள் ஐந்து அணிகள் தொகுப்பைப் பழைய பதிப்பில் பூட்டிவிட்டு அதை மறந்துவிடுகின்றன. ஏற்கெனவே தேறிய நிரலைத் தோற்கச் செய்யும் எந்த மாற்றமும் பெரும்பதிப்பு மாற்றமே. ஒரு விதியைத் தளர்த்துவதோ நீக்குவதோ சிறு மாற்றம். இதே காரணத்தால்தான் இஎஸ்லின்ட் குழுவும் தம் கருவியின் சிறு பதிப்புகள்கூடக் கூடுதல் பிழைகளைக் காட்டக்கூடும் என்று சொல்லி, பதிப்பெண்ணின் முன்னால், பிழைத்திருத்தப் பதிப்புகளை மட்டும் ஏற்கும் டில்டே (~) குறியிட்டுப் பயன்படுத்தப் பரிந்துரைக்கிறது.

ஒரு விதியைச் சேர்க்க யாருக்கு உரிமை என்பதையும் முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். மூத்தவர் ஒருவர் தனியாக உட்கார்ந்து எழுதிய தொகுப்பை மற்றவர்கள் மதிப்பதில்லை. சுற்றிப் போகும் வழியைத்தான் தேடுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். பிறகு நாங்கள் ஏற்படுத்திக்கொண்ட முறை இது: அணியில் யாரும் விதியை முன்மொழியலாம், ஆனால் அந்த விதி இருந்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய உண்மையான ஒரு பிழையை நம் திட்டங்களிலிருந்தே காட்ட வேண்டும். அந்த எடுத்துக்காட்டு விதிக்கு அருகிலேயே குறிப்பாக எழுதப்படும். விதியை நீக்கவும் அதே வழி. அது தந்த பொய்யான எச்சரிக்கைகளைக் காட்டினால் போதும். இப்படி நீக்கப்பட்ட விதிகளில் நான் விரும்பிச் சேர்த்தவையும் இருந்தன. அவை போனபின் மறுஆய்வுகள் அமைதியாயின.

பில்டை நிறுத்தாமல் எச்சரிக்கை மட்டும் காட்டும் 'வார்ன்' என்ற நிலையை நான் இப்போது பயன்படுத்துவதே இல்லை. எச்சரிக்கைகள் இருபதாகும், இருநூறாகும், பின்பு திரையில் ஓடும் மஞ்சள் வரிகளை ஒருவரும் படிக்க மாட்டார்கள். விதி முக்கியமானால் 'எரர்', இல்லையானால் 'ஆஃப்'. விதிவிலக்கு தேவைப்படும் இடங்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே விதியை அணைக்கும் குறிப்பை எழுதி, இரண்டு கோடுகளுக்குப் பின் காரணத்தையும் எழுதலாம் என்று இஎஸ்லின்டே இடம் தருகிறது. காரணம் இல்லாத அணைப்புக் குறிப்பை மறுஆய்வில் ஏற்கக் கூடாது. தேவையற்றுப்போன அணைப்புக் குறிப்புகளை இஎஸ்லின்ட் 9ஆம் பதிப்பு தானாகவே சுட்டிக்காட்டுகிறது. அதையும் 'எரர்' ஆக்கிவிடுவது நல்லது.

பழைய திட்டங்களை என்ன செய்வது என்று உடனே கேட்பார்கள். பல ஆயிரம் பிழைகளைக் காட்டும் ஒரு திட்டத்தில் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்தப் புறப்படுவது புதிய பிழைகளை விதைக்கும் வேலை. இஎஸ்லின்ட் 2025 ஏப்ரலில் இதற்கு ஒரு நல்ல வழியைத் தந்தது. இன்றுள்ள பிழைகளைக் கோப்புவாரியாக, விதிவாரியாக எண்ணி ஒரு ஜேசான் கோப்பில் பதிந்து வைத்துக்கொள்கிறது; அந்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்று கூடினாலும் பில்ட் விழும். பழையது இருந்த இடத்தில் இருக்கட்டும், புதியது உள்ளே வரக்கூடாது என்ற ஏற்பாடு. தானாகத் திருத்தக்கூடியவற்றைத் திருத்தும்போது அதைத் தனி கமிட்டாக (ஒரு தனிப் பதிவாக) வைத்து, ஒவ்வொரு வரியையும் எழுதியவரைக் காட்டும் 'பிளேம்' கணக்கில் அந்தக் கமிட்டை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டுக்குச் சொல்லிவிடலாம். 2019இல் வந்த கிட் 2.23 முதல் இந்த வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியையும் எழுதியவர் லின்ட் ஓட்டியவர்தான் என்று காட்டும்.

பொதுத்தொகுப்பு ஓடும் நிரல் என்பதை மறந்துவிடக் கூடாது. அது ஒவ்வொரு நிரலாளரின் கணினியிலும், ஒவ்வொரு பில்ட் சர்வரிலும் நிறுவப்படுகிறது. 2018 ஜூலையில் இஎஸ்லின்ட் குழுவைச் சேர்ந்த ஒருவரின் கணக்கைக் கைப்பற்றியவர்கள் 'இஎஸ்லின்ட் ஸ்கோப்' பேக்கேஜின் ஒரு பதிப்பில் என்பிஎம் அணுகுச்சாவிகளைத் திருடும் நிரலைச் செருகினார்கள். 2025 ஜூலையில், மிகப் பரவலாகப் பயன்படும் 'இஎஸ்லின்ட் கான்ஃபிக் பிரிட்டியர்' பேக்கேஜைப் பராமரிப்பவர் போலி மின்னஞ்சலில் ஏமாற்றப்பட்டு, விண்டோஸ் கணினிகளைத் தாக்கும் நிரலோடு அதன் பதிப்புகள் வெளியாயின. சில விதிகளை அணைப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யாத பேக்கேஜ் அது. எனவே, நிறுவிய பதிப்புகளைத் துல்லியமாகப் பதிந்து வைக்கும் லாக் கோப்பை எப்போதும் களஞ்சியத்தில் வையுங்கள். லின்ட் பேக்கேஜ்தானே என்று புதுப்பிப்புகளைத் தானாக ஏற்கும்படி விட்டுவிடாதீர்கள். பொதுத்தொகுப்பை வெளியிடும் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள்.

பழைய விதிக்கோப்பு அமைப்பு வழக்கொழிந்ததாக இஎஸ்லின்ட் 9ஆம் பதிப்பிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டதால், இன்னும் மாறாத அணிகள் எப்படியும் தம் கோப்புகளைத் திருத்தி எழுதியாக வேண்டியிருக்கிறது. அந்த வேலையைத் தொடங்குமுன் ஒருவர் எல்லாத் திட்டங்களின் விதிக்கோப்புகளையும் அருகருகே திறந்து வைத்து, எந்த விதி எங்கே விடுபட்டிருக்கிறது என்று ஒருமுறை குறித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அணியில் அப்படிப் பார்த்தபோது, கைவிடப்பட்ட பிராமிஸைப் பிடிக்கும் அந்த விதி இல்லாத திட்டம் இன்னும் ஒன்றும் அகப்பட்டது. அதை இயக்கிய அன்றே மூன்று இடங்களில் 'அவெய்ட்' விடுபட்டிருப்பதைக் காட்டியது. அவற்றில் ஒன்று, பயனர் தம் கணக்கை நீக்கும் பக்கத்தில் இருந்தது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மென்பொருள் பொறியாளரான ஒரு வாசகர்